நாள் தள்ளிப்போன பிறகு நிறுத்தினால் போதுமா? அப்பாவின் குடி, சிகரெட், குழந்தையின் இதயம்

கேள்வி (ஜூலை 8, இரவு 9:50)

அக்கா, மாசியில் கல்யாணம் ஆச்சு. கடைசி பீரியட்ஸ் ஜூன் 1. மாதாமாதம் 28 நாளில் தவறாமல் வரும். இப்போ 9 நாள் தள்ளிப்போயிருக்கு, இன்னிக்குக் காலையில் கார்டு டெஸ்டில் 2 கோடு. இவர் சனிக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர் எடுப்பார், தினம் 6 சிகரெட். "கர்ப்பம்னு தெரிஞ்சதும் விட்டுடறேன்"னு சொல்லியிருந்தார், இன்னியிலிருந்து விட்டுட்டார். ஆம்பளை குடிச்சா வயித்துல இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும், பொம்பளை ஜாக்கிரதையா இருந்தா போதும்னு மாமியார் சொல்றாங்க. குழந்தை இதயத்துக்கு அப்பாவோட பழக்கமும் காரணமாகலாம்னு ஒரு இடத்தில் படிச்சேன். உண்மையா? பயப்படணுமா?

எக்கோ அறை (ஜூலை 8, இரவு 11:15)

தங்கச்சி, இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன்.

உண்மையா? தொடர்பு இருக்கிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. அப்பாவின் சிகரெட்டுக்கும் உண்டு, குடிக்கும் உண்டு. மாமியார் சொல்வது தவறு.

பயப்படணுமா? வேண்டாம். அப்பா குடித்தும் புகைத்தும் பிறக்கிற குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு இதயம் நன்றாகவே இருக்கிறது. எண்களை நாளை எழுதுகிறேன்.

அவர் இன்று விட்டது நல்ல காரியம், இனி தொடவும் கூடாது. ஆனால் "தெரிஞ்சதும் விட்டுடறேன்" என்று கல்யாணமான எல்லா ஆண்களும் சொல்கிறார்களே, அந்தக் கணக்கில்தான் ஓட்டை. தெரியவரும் நாளில் குழந்தையின் இதயம் துடிக்க ஆரம்பித்திருக்கும்.

எக்கோ அறை (ஜூலை 9, காலை 6:30)

நேற்று எழுதியதை நாள்காட்டி வைத்து விளக்குகிறேன். உங்கள் தேதிகளே போதும்.

ஜூன் 1 மாதவிலக்கு. ஜூன் 15-ஐ ஒட்டிக் கரு தரித்திருக்கும். அடுத்த மாதவிலக்கு வரவேண்டிய நாள் ஜூன் 29. அதுவரை கரு வெறும் செல் உருண்டையாக இருந்து, கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டி, தட்டையான ஒரு தகடாகிறது. மூன்றாவது வாரத்தில் அந்தத் தகட்டின் முன்பக்கம் இரண்டு மெல்லிய குழாய்கள் தோன்றி ஒன்றாகச் சேர்கின்றன. கரு தரித்த 22-ஆம் நாளையொட்டி அந்த ஒற்றைக் குழாய் துடிக்கத் தொடங்குகிறது. உங்கள் கணக்கில் அது ஜூலை 7. கார்டில் 2 கோடு பார்த்ததற்கு முந்தைய நாள்.

அடுத்து அந்தக் குழாய் வலப்பக்கமாக வளைந்து சுருள்கிறது. மேல் அறைகளுக்கு நடுவிலும் கீழ் அறைகளுக்கு நடுவிலும் சுவர் எழும்புகிறது. வெளியே போகும் ஒரே பெருங்குழாய் திருகுபோல் முறுக்கிப் பிரிந்து மகாதமனி, நுரையீரல் தமனி என இரண்டாகிறது. 8-ஆம் வார முடிவில், அதாவது ஆகஸ்ட் 10 வாக்கில், நான்கு அறை உள்ள இதயம் கட்டி முடிந்துவிடும். அப்போது அதன் அளவு ஒரு பயறுதான் இருக்கும்.

பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்க 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்வார்கள். உங்களுக்கு 12 வாரம் முடிவது ஆகஸ்ட் 24. அன்று நர்ஸ் அக்கா "வீட்டில் யாராவது புகைப்பாங்களா" என்று கேட்கும்போது இதயத்தைப் பொறுத்தவரை கட்டட வேலை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

எக்கோ அறை (ஜூலை 9, காலை 6:55)

ஒரு திருத்தம். மேலே 3-ஆம் வாரம், 8-ஆம் வாரம் என்று எழுதியது கரு தரித்த நாளிலிருந்து எண்ணியது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் எப்போதும் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார்கள், 2 வாரம் கூடுதலாக வரும். ஆகவே ரிப்போர்ட் மொழியில் இதயம் உருவாகும் காலம் 5 முதல் 10 வாரம் வரை. இரண்டையும் கலந்துகொண்டு "8 வாரம் முடிந்தது, இனி பயமில்லை" என்று நினைப்பவர்கள் நிறைய.

மருந்துக்கடை (ஜூலை 9, மதியம் 2:10)

அக்கா, "சனிக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர்" என்பதைக் கொஞ்சம் உடைத்துச் சொல்ல வேண்டும். நம்ம ஊரில் இதை அளவான குடி என்று நினைக்கிறார்கள்.

குவார்ட்டர் 180 மி.லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180-இல் 42.8 சதவீதம் 77 மி.லி. சுத்த ஆல்கஹால். ஒரு மி.லி. ஆல்கஹாலின் எடை 0.789 கிராம். பெருக்கினால் 61 கிராம் வருகிறது. ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் போனால் உலக சுகாதார நிறுவனம் அதை மிகைக்குடி என்று வகைப்படுத்துகிறது. அதாவது ஒரு குவார்ட்டரை ஒரே இருப்பில் முடிப்பவர் அந்த வரிசையில் வந்துவிடுகிறார், வாரத்துக்கு ஒரு நாள்தான் என்றாலும்.

கட்டிங் 90 மி.லி., 30 கிராம். 650 மி.லி. பீர் 5 சதவீதம் என்றால் 26 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 41 கிராம். "பீர்தானே" என்பவர்கள் ஸ்ட்ராங் 2 பாட்டில் குடித்தால் 82 கிராம், குவார்ட்டரைத் தாண்டியாச்சு. தண்ணீரோ சோடாவோ கலந்தால் காரம்தான் குறையும், கிராம் குறையாது.

எக்கோ அறை (ஜூலை 9, இரவு 10:05)

மருந்துக்கடைத் தம்பி போட்ட கணக்கு இங்கே நேராகப் பொருந்துகிறது.

2019-இல் சீனாவின் சாங்ஷா நகரிலுள்ள மத்திய தென் பல்கலைக்கழகக் குழு 55 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. பிறவி இதயக் குறை உள்ள குழந்தைகள் 41,747 பேர், குறை இல்லாதவர்கள் 2,97,587 பேர். கரு தரிப்பதற்கு முந்தைய 3 மாதமோ கர்ப்பத்தின் முதல் 3 மாதமோ அப்பா குடித்திருந்தால் குழந்தைக்கு இதயக் குறை வரும் வாய்ப்பு, குடிக்காதவர் குழந்தையோடு ஒப்பிட 44 சதவீதம் கூடுதல். அம்மா குடித்திருந்தால் 16 சதவீதம். ஒரே அமர்வில் 5 டிரிங்க்கும் அதற்கு மேலும் குடிக்கும் அப்பா என்றால் 52 சதவீதம்.

அதே குழு அதே ஆண்டில் புகையைப் பற்றி 125 ஆய்வுகளைத் தொகுத்தது. அப்பா புகைத்தால் 74 சதவீதம், அம்மா புகைத்தால் 25, அம்மா பிறர் விடும் புகையைச் சுவாசித்தால் 124.

அவர்கள் எண்ணிய டிரிங்க் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஒன்று 14 கிராம், சில நாடுகளில் 10 கிராம். 10 கிராம் கணக்கில் பார்த்தால் ஒரு குவார்ட்டர் 6 டிரிங்க்.

எக்கோ அறை (ஜூலை 10, காலை 7:20)

ராத்திரி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் தனியே கேட்டிருக்கிறார்கள், "நூற்றில் 44 குழந்தைக்கு ஓட்டையா?" என்று. இல்லவே இல்லை. எண்ணை இப்படி விட்டது என் பிழை.

பொதுவாக 1000 குழந்தைகள் பிறந்தால் சுமார் 9 பேருக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கும். 44 சதவீதம் கூடினால் 9 என்பது 13 ஆகும். 74 சதவீதம் கூடினால் 16-ஐ நெருங்கும். மீதி 984 குழந்தைகள் நலம். அந்த 9-இலும் பாதிக்கு மேல் சின்னக் குறைகள், பல தானாக மூடிக்கொள்பவை. பிறந்த முதல் வருடத்துக்குள் அறுவையோ குழாய் வழிச் சிகிச்சையோ தேவைப்படும் கடுமையான வகை நாலில் ஒன்று.

ஒரு குடும்பத்துக்கு இது சிறிய கூடுதல். ஆனால் குடிக்கிற, புகைக்கிற ஆண்கள் கோடிக்கணக்கில் இருக்கும் நாட்டில் 1000-க்கு 4 முதல் 7 என்பது எவ்வளவு குழந்தைகள் என்று யோசியுங்கள். ஒருவரைப் பயமுறுத்தத் தேவையில்லாத எண், எல்லோரிடமும் சொல்லியே ஆகவேண்டிய எண்.

எக்கோ அறை (ஜூலை 10, காலை 7:40)

இந்த ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை.

பெரும்பாலானவை குழந்தை பிறந்த பிறகு பெற்றோரிடம் "அப்போது குடித்தீர்களா, புகைத்தீர்களா" என்று கேட்டவை. நோயுள்ள குழந்தையின் பெற்றோர் ஒவ்வொரு நாளையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருப்பார்கள், மற்றவர்கள் மறந்திருப்பார்கள். புகைக்கிற ஆண் வீட்டுக்குள் புகைத்தால் மனைவியும் சுவாசிக்கிறாள். அங்கே விந்து வழியாக வந்த கேடு எது, மூச்சு வழியாக வந்தது எது என்று பிரிப்பது கடினம். எனவே இது தொடர்பு, நிரூபணம் அல்ல.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, அம்மா தானே புகைப்பதைவிட (25) பிறர் புகையைச் சுவாசிப்பது (124) மோசமா? அப்படி வாசிக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு ஆய்வுக் குவியல்களிலிருந்து வந்தவை. ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. "நீங்க விடற புகையைவிட நானே பிடிச்சா தேவலை" என்று யாரும் முடிவுக்கு வரக்கூடாது.

சாராயத்தில் சீன மக்களுக்கு வேறொரு விஷயமும் உண்டு. ஆல்கஹால் உடலில் முதலில் அசிட்டால்டிஹைடு ஆகும், அதுதான் நச்சு. அதை உடைக்கும் நொதி கிழக்காசியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மரபணுவிலேயே பலவீனம், குடித்தால் முகம் சிவந்துவிடும். நம் ஊரில் அந்த மாற்றம் அரிது. ஆகவே அவர்கள் எண்ணை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. திசை அதுதான், அளவு மாறலாம்.

அம்மாவின் புகை விஷயத்தில் அமெரிக்காவின் பால்டிமோர், வாஷிங்டன் பகுதியில் 1981 முதல் 1989 வரை சேகரித்த தரவு பழையதானாலும் கவனமானது. முதல் 3 மாதம் புகைத்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு மேல் அறைச் சுவர் ஓட்டையும் நுரையீரல் வால்வு சுருக்கமும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாக இருந்தன.

மருந்துக்கடை (ஜூலை 10, மாலை 4:30)

ஆண் 6 மாதமும் பெண் ஒரு வருடமும் முன்னாலேயே குடியை நிறுத்தணும்னு அந்த ஆய்வு சொல்கிறதாமே?

எக்கோ அறை (ஜூலை 10, இரவு 9:30)

அது வெளியிட்டவர்கள் சொன்ன ஆலோசனை. அவர்கள் அளந்தது 6 மாதத்தையோ ஒரு வருடத்தையோ அல்ல. கருவுக்கு முந்தைய 3 மாதத்தையும் கர்ப்பத்தின் முதல் 3 மாதத்தையும்தான்.

ஆணுக்கு 3 மாதம் என்பதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. ஒரு விந்தணு மூலச் செல்லில் தொடங்கி வால் முளைத்து முழுசாவதற்கு ஏறக்குறைய 74 நாள். பிறகு விதைமேல் நாளத்தில் இரண்டு வாரத்துக்குக் குறைவாக இருந்து நீந்தப் பழகுகிறது. மொத்தம் 3 மாதத்தை ஒட்டி வரும். ஜூன் 15-இல் கருவான விந்தணு மார்ச் நடுவில் உருவாகத் தொடங்கியது. அதாவது உங்கள் கல்யாணம் முடிந்த கையோடு. அந்த 3 மாதமும் அவர் புகைத்திருந்தால் அது அந்தச் சூழலில் வளர்ந்த விந்தணு.

புகை விந்தணுவின் டி.என்.ஏ. இழைகளை உடைக்கிறது என்பது ஆய்வகத்தில் நேரடியாகப் பார்க்கக்கூடியது. புகைப்பவர்களின் மாதிரியில் உடைந்த இழைகள் அதிகம். சாதாரண செல்லுக்குத் தன் டி.என்.ஏ.வைத் தைத்துக்கொள்ளும் வசதி உண்டு, முதிர்ந்த விந்தணுவில் அது ஏறக்குறைய இல்லை. சாராயம் டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் குறிகளை மாற்றுகிறது என்பதற்கும் சான்று உண்டு. அந்த மாற்றம்தான் இதயச் சுவரில் போய் முடிகிறது என்று மனிதரில் யாரும் கையைப் பிடித்துக் காட்டவில்லை.

அம்மா வழி தெளிவானது. ஆல்கஹால் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் கருவில் எந்தச் செல் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் செய்தி. அது உருவாவதை ஆல்கஹால் குலைக்கிறது. பெருங்குழாயை இரண்டாகப் பிரிக்கும் செல்கள் கழுத்துப் பக்கமிருந்து நடந்து வரவேண்டியவை, வழியிலேயே செத்துப்போகின்றன. கர்ப்பத்தில் கடுமையாகக் குடித்த தாய்மார்களின் குழந்தைகளிடம் காணும் தொகுப்பை 1968-இல் பிரான்சிலும் 1973-இல் அமெரிக்காவிலும் விவரித்தார்கள். முகமும் மூளையும் மட்டுமல்ல, அறைச் சுவர் ஓட்டைகளும் அதில் சேர்ந்தவை.

வேறொரு வாசகி (ஜூலை 11, காலை 11:00)

மேடம், நான் பெங்களூரில் வேலை. பார்ட்டியில் 2 கிளாஸ் ஒயின் குடிச்சேன். அப்புறம் 5 நாள் கழிச்சுதான் பீரியட்ஸ் வர வேண்டிய நாள். வரலை, பாசிட்டிவ். தூக்கமே இல்லை.

எக்கோ அறை (ஜூலை 11, மதியம் 1:15)

தூங்குங்கள். மாதவிலக்கு வரவேண்டிய நாளுக்கு முன்பு நடந்தது அது. கரு தரித்த முதல் 2 வாரம் செல்கள் இன்னும் வேலை பிரித்துக்கொள்ளவில்லை. பெரிய கேடு நேர்ந்தால் கரு நிலைக்காது, நிலைத்தால் சேதப்பட்ட செல்லுக்குப் பதில் பக்கத்துச் செல் வந்துவிடும். இதயம் தொடங்குவது அதற்குப் பிறகு. இன்றிலிருந்து ஒரு சொட்டும் வேண்டாம், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவ்வளவுதான். இதற்காகக் கருவைக் கலைப்பது பற்றி யோசிக்கவே தேவையில்லை.

கிராம செவிலியர் (ஜூலை 11, இரவு 8:45)

அக்கா, எங்கள் பக்கம் வீட்டுக்காரர்களைக் கூட்டி வைத்து "இன்னிக்கே அடியோட நிறுத்துங்க" என்று சொல்லிவிடுகிறோம். சரிதானே?

எக்கோ அறை (ஜூலை 11, இரவு 10:20)

சிகரெட்டுக்குச் சரி. குடிக்கு எல்லோருக்கும் சரியில்லை. முதல் நாள் நானும் "இனி தொடக்கூடாது" என்று பொதுவாக எழுதிவிட்டேன். தங்கச்சி வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை என்பதால் ஆபத்தில்லை.

தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்கி "ஒரு ரவுண்டு போட்டாத்தான் நிற்கும்" என்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இவர்கள் வீட்டில் திடீரென்று நிறுத்தக்கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, இல்லாத பூச்சியைத் தட்டுவது, வியர்த்துக் கொட்டி இதயம் படபடப்பது, அதில் உயிரே போகும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்து, நடுக்கத்துக்கு மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் இறக்குவார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போட வேண்டும், உள்ளூரில் முதலில் டிரிப் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மருந்துக்கடை (ஜூலை 12, காலை 10:10)

அதோடு ஒன்று. "கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்று விற்கிறார்களே, வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடிகள் அவை. டைசல்ஃபிராம் (குடியை நிறுத்தத் தரும் மருந்து) கலந்திருந்தால், அது தெரியாமல் அவர் டாஸ்மாக் போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, இதயத் துடிப்பு தாறுமாறாகும். டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான். கடைசிக் குடி முடிந்து குறைந்தது 12 மணி நேரம் கழித்து, அவரே சம்மதித்து, மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டியது. நிறுத்திய பிறகும் 2 வாரம் வரை உடலில் வேலை செய்யும்.

சிகரெட்டுக்கு நிகோட்டின் கம் 2 மி.கி. சீட்டு இல்லாமலே கிடைக்கும். பலர் வாங்கி பபுள் கம் மாதிரி மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, "ஒத்துக்கலை" என்று தூக்கிப் போடுகிறார்கள். அது மெல்லும் பொருள் இல்லை, அடக்கும் பொருள். காரம் தெரியும்வரை மெதுவாக 10, 15 தடவை கடித்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி, மறு பக்கம் ஒதுக்கல். ஒரு கம் அரை மணி நேரம். அதற்கு முன் கால் மணி நேரம் டீ, காபி, ஜூஸ் கூடாது, வாயில் புளிப்பு இருந்தால் நிகோட்டின் இறங்காது. காலை எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவர்களுக்கு 2 மி.கி. பற்றாது, 4 மி.கி. பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

புகையிலைக்கான தேசிய இலவச எண் 1800-11-2356. குடிக்கு 14446.

எக்கோ அறை (ஜூலை 12, மதியம் 3:00)

நன்றி தம்பி. கம் அப்பாவுக்கு மட்டும். கர்ப்பிணி புகைப்பவரானால் மருத்துவர் சொல்லாமல் எடுக்க வேண்டாம், நிகோட்டினே கருவின் ரத்தக்குழாய்களைப் பாதிக்கும்.

"நான் பால்கனியில்தான் பிடிக்கிறேன்" என்பவர்களுக்கு: புகை கதவிடுக்கில் உள்ளே வரும், சட்டையிலும் மீசையிலும் ஒட்டி வரும், கடைசி இழுப்புக்குப் பிறகும் சில நிமிடம் மூச்சில் வந்துகொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்தாலும் ஃபேன் போட்டாலும் போகாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும், குழந்தையின் ரத்தத்தில் தாயுடையதைவிட அதிகமாகவே சேரும். நல்ல செய்தியும் உண்டு. சாதாரணக் காற்றில் 4, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். இன்று நிறுத்தினால் நாளை மறுநாள் தாயின் ரத்தம் சுத்தம்.

கிராம செவிலியர் (ஜூலை 12, இரவு 9:10)

புகை இல்லாதது? ஹான்ஸ், கூல் லிப்? தமிழ்நாட்டில் 2013-லிருந்து குட்கா தடை, ஆனாலும் கிடைக்குது. வயசான அம்மாக்கள் வெற்றிலையோடு போடும் புகையிலையைக் கர்ப்பிணிகளும் வாந்தி நிற்கும்னு போடுறாங்க. அப்புறம் தென்காசிப் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள்?

எக்கோ அறை (ஜூலை 13, காலை 6:45)

கார்பன் மோனாக்சைடு இல்லை, நிகோட்டின் முழுசாக உண்டு. உதட்டில் ஒதுக்கினால் மெதுவாக, நீண்ட நேரம் ரத்தத்தில் இறங்கும். குறைமாதம், எடை குறைவு, வயிற்றிலேயே இறப்பது ஆகியவற்றுக்கு வாய்ப் புகையிலையோடு தொடர்பு உறுதியானது. வாந்திக்கு அது மருந்தில்லை. சின்னச் சின்னதாக அடிக்கடி சாப்பிடுவது, காலையில் எழுமுன் இரண்டு காய்ந்த பிஸ்கட், மீறினால் டாக்சிலமைன் மாத்திரை மருத்துவர் தருவார்.

பீடி சுற்றுபவர்களுக்குத் தோல் வழியாகவும் தூசி வழியாகவும் நிகோட்டின் ஏறுகிறது, சிறுநீரில் தெரியும். கூலியை விட்டு எழுந்துவிடு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. முடிந்தது இவ்வளவு: தூளைச் சலிப்பதும் காயவைப்பதும் வேறொருவர் செய்யட்டும், முறத்தை வாசலில் வைத்துச் சுற்றட்டும், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், இலையையும் தூளையும் படுக்கும் அறையில் வைக்காதீர்கள்.

மற்றொரு வாசகி (ஜூலை 13, மாலை 5:20)

எனக்கு ஏற்கெனவே ஒரு பையன், டெட்ராலஜி (நாலு குறை சேர்ந்து வர்ற பிறவி இதய நோய்), ஆபரேஷன் முடிஞ்சது. நான் கிரகணத்தன்று வெளியே போனதால்தான்னு இத்தனை நாள் சொன்னாங்க. இப்போ இந்த இழையைப் படிச்சுட்டு அவர் "நான் குடிச்சதாலயா"ன்னு அழறார்.

எக்கோ அறை (ஜூலை 13, இரவு 10:50)

அவரிடம் இதைக் காட்டுங்கள். ஒரு குழந்தையைக் காட்டி "இந்த ஓட்டை இந்தக் குடியால்" என்று உலகத்தில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. 9 பேர் 13 ஆகிறார்கள் என்றால் அந்த 13-இல் 9 பேருக்கு அப்பா தொடாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும், யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. பெரும்பாலான இதயக் குறைகளுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி இத்தனை வருடம் உங்களைக் குத்தியதுதான் அநியாயம். அந்த ஈட்டியைப் பிடுங்கி அவர் நெஞ்சில் குத்துவதற்காக நான் இதை எழுதவில்லை.

அடுத்த குழந்தை வேண்டுமென்றால், முதல் குழந்தைக்கு இருந்ததால் வாய்ப்பு 100-க்கு 2, 3 என்று உயரும். பையனுக்கு 22-ஆம் குரோமோசோம் விடுபாடு (அதில் ஒரு துண்டு இல்லாமல் போவது) இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள், டெட்ராலஜியில் அது கேட்க வேண்டிய கேள்வி.

எக்கோ அறை (ஜூலை 14, காலை 7:00)

குடி, புகை பற்றியே பேசி, அவற்றைவிடப் பெரிய காரணங்கள் மறைந்துவிடக்கூடாது. கருவுக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் இதயக் குறை வாய்ப்பு 3, 4 மடங்கு. மடங்கு என்கிறேன், சதவீதம் அல்ல. எச்.பி.ஏ1சி (3 மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5-க்குக் கீழே வந்த பிறகு கருவுக்கு முயலுங்கள். முதல் 3 மாதத்தில் ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) வந்தால் குழந்தையின் இதயம், கண், காது மூன்றும் பாதிக்கப்படலாம். தடுப்பூசி போடாதவர்கள் போட்டு ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம். வலிப்புக்கு வால்ப்ரோயேட், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள் கருவுக்கு முன்பே மருத்துவரிடம் மாற்றுக் கேளுங்கள், வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். மாமா, அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்களுக்கும் வாய்ப்பு கூடும். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், கருவுக்கு ஒரு மாதம் முன்பிருந்து 12 வாரம் வரை.

கேள்வி கேட்ட தங்கச்சி (ஜூலை 14, இரவு 8:30)

அக்கா, எல்லாத்தையும் மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை, ஆனா அவர் சட்டைப் பையை அவங்களே தடவிப் பார்க்கிறாங்க. இனி நான் எப்போ எந்த ஸ்கேன் பார்க்கணும்?

எக்கோ அறை (ஜூலை 14, இரவு 10:15)

உங்கள் தேதிக்கு: 11 முதல் 14 வார ஸ்கேன் ஆகஸ்ட் 17-க்கும் செப்டம்பர் 6-க்கும் நடுவில். குழந்தையின் கழுத்துப் பின்புற நீர் அதிகமாக இருந்தால் குரோமோசோம் சரியாக இருந்தாலும் இதயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முழு ஸ்கேன் 18 முதல் 20 வாரம், அக்டோபர் 5-க்கும் 19-க்கும் நடுவில். "22 வாரத்தில் வந்தா நல்லாத் தெரியும்" என்று தள்ளாதீர்கள். ஏதாவது சந்தேகமென்றால் இரண்டாவது கருத்துக்கும் முடிவுக்கும் நாள் வேண்டும். கருக்கலைப்புச் சட்டம் 24 வாரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, அதற்குப் பிறகு மருத்துவ வாரியத்திடம் போக வேண்டும்.

ரிப்போர்ட்டில் "நான்கு அறை இயல்பு" என்று மட்டும் இருந்தால் திருப்தி அடையாதீர்கள். டெட்ராலஜியிலும் பெருங்குழாய்கள் இடம் மாறிய குறையிலும் நான்கு அறைப் படம் இயல்பாகவே தெரியலாம். இடது, வலது வெளியேறும் குழாய்களும் மூன்று நாளப் படமும் பார்த்தார்களா என்று கேளுங்கள். சர்க்கரை, வலிப்பு மாத்திரை, சொந்தத்தில் கல்யாணம், முன்பு ஒரு குழந்தைக்குக் குறை இருந்தால் கருவின் எக்கோ (இதயத்தை மட்டும் பார்க்கும் ஸ்கேன்) தனியாக எடுக்க வேண்டும். அப்பா குடித்தார், புகைத்தார் என்பதற்காக மட்டும் தனி எக்கோ தேவையில்லை.

எக்கோ அறை (ஜூலை 15, காலை 6:20)

ஒன்று விட்டுப்போச்சு. எவ்வளவு நல்ல ஸ்கேனும் சிலதைத் தவறவிடும். பிரசவ தேதி மார்ச் 8 வாக்கில் வரும். குழந்தை பிறந்து 24 மணி நேரம் ஆனதும், வீட்டுக்குப் போகுமுன், பல்ஸ் ஆக்சிமீட்டர் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். விரலில் மாட்டும் பெரியவர்களுடையது இல்லை, ஒட்டும் பட்டை உள்ளது. வலது கையில் ஒன்று, ஏதாவது ஒரு பாதத்தில் ஒன்று. இடது கை வேண்டாம், அங்கே போகும் ரத்தத்தில் கலப்பு இருக்கலாம். குழந்தை அழாமல், கால் சூடாக இருக்கும்போது பாருங்கள், இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும்.

இரண்டிலும் ஆக்சிஜன் 95 சதவீதமும் அதற்கு மேலும், வித்தியாசம் 3-க்குள் என்றால் நிம்மதி. எதிலாவது 90-க்குக் கீழே என்றால் உடனே எக்கோ. கையில் 97, காலில் 93 என்று வந்தால் வித்தியாசம் 4. "97 இருக்கே, போதும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வைக்கச் சொல்லுங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் இதய மருத்துவர் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.